பத்திரத்தை எடுக்கும் முன் அட்மிஷன் கடிதம் வரட்டும்

கேள்வி: நாங்கள் குமாரபாளையம் பக்கம். கணவர் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். செலவு போக மாதம் 45 ஆயிரம் கையில் நிற்கும். மகள் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கட்ரானிக்ஸ் படிக்கிறாள். இந்த ஜூலையில் கடைசி வருடம். இதுவரை 8.1 சிஜிபிஏ, அரியர் கிடையாது. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறாள். ஈரோட்டில் ஒரு கன்சல்டன்சியில் கேட்டோம். பெர்லினில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், கட்டணம் 14 லட்சம், அவர்கள் சர்வீஸ் சார்ஜ் ஒன்றரை லட்சம், 15ஆம் தேதிக்குள் 50 ஆயிரம் முன்பணம் என்கிறார்கள். கடனுக்கு வீட்டை வைக்கச் சொல்கிறார்கள். வீடு அத்தை (மாமியார்) பேரில் இருக்கிறது, அவர்களுக்கு 71 வயது. உடனே கணவர் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதி வாங்குங்கள் என்றும் சொல்கிறார்கள். சீட்டு எடுத்த பணம் 3 லட்சம் இருக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. வீட்டை வைக்கலாமா சார்? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள அம்மா,

முதலில் அவசரமான விஷயம். அந்த 50 ஆயிரத்தைக் கட்ட வேண்டாம். அத்தையின் பத்திரத்தை இப்போது பீரோவை விட்டு வெளியே எடுக்கவும் வேண்டாம். உங்கள் மகள் ஜெர்மனி போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகலாம், போக வேண்டிய பிள்ளைதான். ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் வழி தலைகீழாக இருக்கிறது. முன்பணம், பத்திரம், கடன், பிறகு அட்மிஷன் என்று போகிறது. அட்மிஷன் முதலில் வர வேண்டும். பத்திரம் தேவைப்பட்டால் கடைசியில் வரும்.

நான் 27 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் 11 வருடம் கல்விக்கடன் மேசை. ஒரு அப்பாவை இன்றும் மறக்க முடியவில்லை. மகன் ஐரோப்பாவில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருந்தான். படிப்பு முடிந்தது, அந்த ஊர் மொழி வராததால் துறை வேலை கிடைக்கவில்லை. தவணை தொடங்கிவிட்டது. அப்பா ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி காலையில் வருவார். நோட்டுகளை நூறு தனி, ஐநூறு தனி என்று ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவருவார். கவுன்ட்டரில் கட்டிவிட்டு என் மேசைக்கு வந்து நிற்பார். "சார், பையன் போன் பண்ணினா நான் கஷ்டப்பட்டுக் கட்டுறேன்னு சொல்லிடாதீங்க." அந்தக் கடனில் கையெழுத்து போட்டவர்களில் நானும் ஒருவன். விதிப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கல்லூரி எப்படிப்பட்டது என்று மட்டும் அன்றைக்கு நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இல்லை. செமஸ்டருக்கு ஒரு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை. பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள் வந்துவிடும். விதிவிலக்குகள் சில உள்ளன. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் உள்ள பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 முதல் முதுநிலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. இவற்றை ஒதுக்கினாலும் ஏராளமான அரசுப் பல்கலைகள் மிச்சம் இருக்கின்றன. 8.1 வைத்திருக்கும் பிள்ளைக்கு எதற்கு 14 லட்சம் கட்டணம்?

8.1 அங்கே எப்படித் தெரியும் என்பதை மகளையே கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் 1 என்றால் மிக நல்லது, 4 என்றால் ஒருவழியாகத் தேர்ச்சி. அதிகபட்சம் 10லிருந்து அவள் வாங்கிய 8.1ஐக் கழித்தால் 1.9. அதிகபட்சம் 10லிருந்து தேர்ச்சிக்கான 5ஐக் கழித்தால் 5. முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். 2.14 வருகிறது. பல பொறியியல் படிப்புகள் கேட்பது 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண். உங்கள் மகள் வாசலுக்கு உள்ளேதான் நிற்கிறாள். இதை அந்த அலுவலகத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. சில தனியார் கல்லூரிகள் மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகின்றன. அரசுப் பல்கலையில் கட்டணமே இல்லாதபோது கமிஷனுக்கு ஏது வழி?

இப்போது பணத்துக்கு வருவோம். ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெர்மன் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும். பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். இப்போதைய தொகை 11,904 யூரோ, நம் கணக்கில் பன்னிரண்டரை லட்சம். இந்தத் தொகையைக் கேட்டதும் பல பெற்றோர் அதைக் கட்டணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கட்டணமே இல்லை. மகள் பெயரில் உள்ள கணக்கு அது. அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ என்று அவளுக்கே திரும்ப வரும். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதிலிருந்துதான். விசா கிடைக்காவிட்டால் சேவைக் கட்டணம் போக மீதி உங்களிடம் திரும்பிவிடும். தனியார் கல்லூரிக்குக் கட்டும் 14 லட்சம் போனால் போனதுதான். கடன் வாங்கும் குடும்பம் இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும்.

மற்றச் செலவுகள் சின்னவை. ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18 ஆயிரம் ரூபாய். நம் சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று டெல்லியில் உள்ள ஜெர்மன் அமைப்பு சரிபார்த்துத் தருவது இது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்குக் கட்டாயம். ஆங்கிலத் தேர்வுக்கு ஏறக்குறைய அதே அளவு. பல பல்கலைகளுக்கான விண்ணப்பங்களை ஒரே இடத்தில் வாங்கும் யூனி-அசிஸ்ட் வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. ஐந்து பல்கலைக்குப் போட்டால் இருபதாயிரம் ரூபாய் சொச்சம். விசாவுக்கு 75 யூரோ. விமான டிக்கெட், செமஸ்டர் தொகை, குளிருக்குத் துணி, முதல் மாதக் கைச்செலவு எல்லாம் சேர்த்து முதல் வருடத்துக்கு மொத்தம் 15 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் 3 லட்சம் இருக்கிறது, கடன் 12 லட்சம். 10 சதவீத வட்டி என்றால், படிப்பு இரண்டு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை இல்லாமல் போகும் காலத்தில் வட்டி மட்டும் ஏறக்குறைய 3.6 லட்சம் சேரும். 15.6 லட்சத்தைப் பத்து வருடத்தில் கட்டினால் ஈஎம்ஐ 20,600. படிக்கும் காலத்திலேயே மாத வட்டி 10 ஆயிரத்தைக் கட்டிக்கொண்டே வந்தால் ஈஎம்ஐ 15,900ஆக இறங்கும். கட்ட முடிந்தவரை கட்டுங்கள். அப்படிக் கட்டுவோருக்கு வட்டி விகிதத்திலேயே ஒரு சதவீதம் வரை குறைக்கும் வங்கிகளும் உண்டு.

கன்சல்டன்சி சொன்ன வழியைப் பாருங்கள். கட்டணம் 14, செலவுப் பணம் பன்னிரண்டரை, அவர்கள் சார்ஜ் ஒன்றரை, ஆக 28 லட்சம். டிக்கெட்டே இன்னும் போடவில்லை. 28 லட்சமும் கடன் என்றால் இதே கணக்கில் ஈஎம்ஐ 48 ஆயிரம். எட்டுத் தறியும் ஒரு நாள் கூட நிற்காமல் ஓடினாலும் உங்கள் வருமானம் 45 ஆயிரம்தான். மகளுக்கு வேலை கிடைக்க ஆறு மாதம் தள்ளிப்போனால் அத்தையின் வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் வரும். இந்த ஒரு கணக்கே எனக்குப் போதும்.

இரண்டாம் வருடம் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை பார்க்கலாம். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. மினி ஜாப் என்ற சிறு வேலையில் மாதம் 603 யூரோ வரை வரும். அப்படி வந்தால் மாதம் 389 யூரோதான் குறையும், வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்குள். ஆனால் முதல் ஆறு மாதம் வேலைப் பணத்தை ஒரு ரூபாய் கூடக் கணக்கில் எடுக்காதீர்கள். மொழி தெரியாத பிள்ளைக்குக் கிடங்கு வேலைகூடச் சட்டென்று அமையாது. ஆகவே வங்கியில் 17 லட்சத்துக்கு அனுமதி கேளுங்கள். முதல் வருடம் 12 மட்டும் எடுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. மீதி இரண்டாம் வருடத்துக்குத் தேவைப்பட்டால் இருக்கட்டும்.

வங்கி எது என்பதற்கு என் பதில், முதலில் பொதுத்துறை வங்கி. ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்க மாட்டார்கள், பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும். அதற்கு மேல் ஈடு கேட்பார்கள். அது வீடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எல்ஐசி பாலிசி, டெபாசிட் இருந்தாலும் ஏற்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதம் நம் பங்கு. உங்கள் சீட்டுப் பணம் அதற்கு ஆகும். பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் வட்டி குறைக்கும் வங்கிகள் உண்டு, வாய் திறந்து கேளுங்கள். ஈடு இல்லாமல் தருகிறோம் என்று வரும் தனியார் நிதி நிறுவனங்களின் வட்டி பொதுவாகக் கூடுதல். அட்மிஷன் கிடைத்தும் பொதுத்துறை வங்கி கைவிரித்தால் மட்டும் அங்கே போங்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் வெளிநாட்டுப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இந்தியாவில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொண்டு வங்கியில் சண்டை போட்ட பெற்றோர்கள் எனக்குத் தெரியும்.

வங்கி உங்களைத் திருப்பி அனுப்பக்கூடிய இடம் வேறு. கணவர் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா? கூலித் தறி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் செய்வதில்லை, வரி வராது என்று விட்டுவிடுகிறார்கள். வரி வராவிட்டாலும் தாக்கல் செய்யச் சொல்லுங்கள், இந்த வருடமே. வங்கி இரண்டு வருட ரிட்டர்ன் கேட்டால் கையில் இருக்க வேண்டும். தறிக்கு முத்ரா கடன், வண்டிக் கடன் ஏதாவது இருந்தால் தவணை பிசகாமல் போகட்டும். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்க்கலாம். நாளைக்கே பாருங்கள்.

அத்தை வீட்டு விஷயம் கடனைவிட நாசூக்கானது. செட்டில்மெண்ட் வேண்டாம், தேவையே இல்லை. வீடு அவர்கள் பேரில் இருக்கும்போதே அவர்கள் ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டு ஈடு கொடுக்கலாம். வங்கி வக்கீல் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்ப்பார், பிறகு பதிவு அலுவலகத்துக்கு அவர்கள் நேரில் வர வேண்டியிருக்கும். எதற்குக் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கிறோம் என்று 71 வயதுப் பெரியவருக்குப் புரியும்படி யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள். கணவருக்கு அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். ஒரு பேத்தி படிப்புக்காகச் சொல்லாமல் செய்த காரியம் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

உதவித்தொகை பற்றிச் சில வார்த்தை. எராஸ்மஸ் முண்டுஸ் என்ற ஐரோப்பிய கூட்டுப் படிப்பில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ வேறு. ஆனால் போட்டி மிகக் கடுமை. விண்ணப்பம் அக்டோபர் முதல் ஜனவரி வரை. போட்டுப் பார்க்கட்டும், அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடியின் வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், அது பின்னால் பார்க்க வேண்டியது. ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் உதவித்தொகை தருகிறது, குடியரசுத் தலைவராக இருந்த கே.ஆர். நாராயணன் லண்டனில் படித்தது டாட்டா உதவியால்தான். இது உங்கள் மகளுக்குப் பொருத்தம், தவறாமல் விண்ணப்பிக்கட்டும். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் பிற்படுத்தப்பட்டோருக்கான தமிழக அரசு நிறுவனமான டாப்செட்கோவின் கல்விக்கடனையும் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதற்கு வருமான வரம்பு உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்கள் இதைப் படித்தால், அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தமிழக அரசு தருகிறது. கடன் பக்கம் போகும் முன் அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மகளிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள்.

பாப்பா, டிஏஏடி இணையதளத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான படிப்புகளின் பட்டியல் இலவசமாக இருக்கிறது. முதுநிலை, ஆங்கிலவழி, கட்டணமில்லை என்று தேடு. அரசுப் பல்கலைகளாக எட்டு எடு. மியூனிக் வாடகை உன் 992இல் பாதிக்கு மேல் தின்றுவிடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்கு நகரங்களில் வாடகை நன்றாகக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதியை எழுதி வை. குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் பல ஆங்கிலவழிப் படிப்புகள் மார்ச், ஏப்ரலிலேயே மூடிவிடும். உன் நான்கு வருடப் பாடத்திட்டப் புத்தகத்தைக் கல்லூரியிலிருந்து இப்போதே வாங்கி வை. நீ படித்த பாடம் அவர்கள் கேட்கும் பாடத்தோடு ஒத்துப்போகிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள்.

அப்புறம் உன் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் அப்பா பெயருக்கு வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் ஏபிஎஸ்ஸில் தொடங்கி விசா வரை கேள்வி வரும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்து எழுத்தாக ஒப்பிடு. திருத்தம் வேண்டுமென்றால் இந்த ஆண்டே செய். 2025 ஜூலை முதல் ஜெர்மன் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் வழி மூடப்பட்டுவிட்டது. முதல் தடவையே காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

ஜெர்மன் மொழியை நாளைக்கே தொடங்கு. படிப்பு ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆனால் வேலை தரும் ஆள் ஜெர்மனில்தான் பேசுவார். சென்னை நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவன் இணையவழி வகுப்பும் நடத்துகிறது. ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக ஏறும் மொழித் தேர்வு நிலைகளில், கிளம்பும் முன் ஏ2 முடித்துவிடு, பி1 தொட்டால் இன்னும் நல்லது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தருவார்கள். அந்த 18 மாதத்தில் ஏ1இலிருந்து தொடங்கினால் உன் அப்பாவின் தவணை உன்னை முந்திக்கொள்ளும்.

அட்மிஷன் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்துவிடு. அறையைப் பார்க்காமல் முன்பணம் கேட்கும் யாருக்கும் காசு அனுப்பாதே. அங்கே இறங்கி, முகவரி பதிந்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் பிளாக்டு பணம் வரத் தொடங்கும். அதற்குச் சில வாரம் ஆகலாம். ஆயிரம், ஆயிரத்து இருநூறு யூரோ ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக எடுத்துப் போ.

அம்மா, கடைசியாக ஒன்று. "பிளாக்டு பணத்தை நாங்களே போட்டுக் காட்டுகிறோம், விசா வந்ததும் திருப்பிக் கொடுத்தால் போதும்" என்று அந்த அலுவலகம் அடுத்துச் சொல்லலாம். எழுந்து வந்துவிடுங்கள். பிள்ளை அங்கே வெறுங்கையோடு இறங்குவாள்.

அட்மிஷன் கடிதம் வந்ததும் அதையும், வங்கி தரும் அனுமதிக் கடிதத்தையும் எனக்கு அனுப்புங்கள். பத்திரம் வைப்பதானால் எந்தெந்த வரியைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும் என்று அப்போது எழுதுகிறேன். அத்தையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.